ஜூடோ வகுப்பில் அளந்து பார்ப்பது எப்படி? மதுரைப் பக்கத்து மாஸ்டர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் ஜூடோ, சிலம்பம், குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர்களுக்காகவும், உடற்கல்வியியல் படித்துக்கொண்டே ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். விளையாட்டு அறிவியல் என்றதும் ட்ரெட்மில், லாக்டேட் மீட்டர், ஏசி போட்ட ஆய்வகம் எல்லாம் கண்முன் வந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை. ஜூடோ ஆய்வுகளில் உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சோதனைக்கு ஸ்டாப்வாட்ச், விசில், ஆறு மீட்டர் மேட், ஐந்து ஆட்கள் இருந்தால் போதும்.

ஜூடோ பற்றிய அறிவியல் கட்டுரைகளில் பெரும் பகுதி பிரேசில், போலந்து, ஜப்பான், பிரான்ஸ் போன்ற நாடுகளில் எடுத்த அளவுகளை வைத்து எழுதப்பட்டவை. அதிலும் வயதுவந்த ஆண்கள், தேசிய அளவில் விளையாடுபவர்களே அதிகம். திருமங்கலத்திலிருந்து சாயங்காலம் பஸ் ஏறி வந்து, தகரக் கொட்டகைக்குள் மே மாதப் புழுக்கத்தில் பயிற்சி எடுக்கும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அந்த எண்களில் எது பொருந்தும் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. அதை அளக்க வேண்டியவர்கள் நாம்தான்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும்

“ஜூடோ வீரர்களின் உடற்தகுதி பற்றிய ஆய்வு” என்பதெல்லாம் கேள்வி ஆகாது. “எங்கள் வகுப்பில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் எவ்வளவு வியர்வை இழக்கிறார்கள்?” என்று கேட்டால் அது கேள்வி. பதில் ஓர் எண்ணாக வரும், அந்த எண் கைக்கு வந்ததும் நாளைய வகுப்பில் ஏதாவது ஒன்றை மாற்றலாம். இந்த இரண்டும் இல்லாத கேள்வியைப் பேராசிரியர் ஒப்புக்கொண்டாலும் நீங்கள் எடுக்காதீர்கள்.

படிப்பதற்கு, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட், கூகுள் ஸ்காலர் என்ற இணையதளங்கள் இரண்டிலும் தேடுவது இலவசம். போலந்திலிருந்து வரும் ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் பூடோ’, சர்வதேச ஜூடோ சம்மேளனம் நடத்தும் ‘தி ஆர்ட்ஸ் அண்ட் சயின்சஸ் ஆஃப் ஜூடோ’ ஆகிய இதழ்களில் நிறையக் கிடைக்கும். சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் எமர்சன் ஃபிராங்கினி பெயரில் தேடினாலே மாதக்கணக்கில் படிக்கலாம். ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் பார்க்க வேண்டியது முடிவுரையை இல்லை, யாரை அளந்தார்கள் என்ற பத்தியை. எத்தனை பேர், என்ன வயது, ஆணா பெண்ணா, எந்தத் தரம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு முடிவைப் படியுங்கள்.

அனுமதி

வகுப்பை நன்றாக நடத்துவதற்காக மட்டும் அளக்கிறீர்கள் என்றாலும் பெற்றோரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். ஆய்வேடாகவோ கட்டுரையாகவோ எழுதப்போகிறீர்கள் என்றால், முதல் அளவை எடுப்பதற்கு முன்பே உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதமும் தனியாக வேண்டும்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாஸ்டர் கேட்டால் எந்தப் பிள்ளையும் மாட்டேன் என்று சொல்லாது. அதனால் சம்மதம் கேட்கும் வேலையை மாஸ்டர் செய்யக் கூடாது. வகுப்போடு சம்பந்தமில்லாத ஒருவர், மாஸ்டர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தமிழில் விளக்கிக் கேட்கட்டும். பாதியில் விலகினாலும் வகுப்பில் எந்தக் குறையும் வராது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எடையும் வியர்வையும்: இங்கிருந்து ஆரம்பியுங்கள்

வேறு எதையும் அளக்க வசதியில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நூறு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் எடை மெஷின் ஒன்று போதும். அதைச் சமமான சிமென்ட் தரையில் வையுங்கள், மேட் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். மெஷின் மாறாமல் காட்டுகிறதா என்று பார்க்க, நிரப்பி மூடிய ஒரே தண்ணீர் கேனை வாரம் ஒருமுறை ஏற்றி எழுதி வையுங்கள்.

பயிற்சிக்கு முன் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, மெல்லிய உடையில் எடை பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் உடம்பைத் துடைத்து, நனைந்த ஜூடோகியை (ஜூடோ சீருடையை) கழற்றிவிட்டு, முன்பு போட்டிருந்ததைப் போன்ற உலர்ந்த உடையில் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் எவ்வளவு தண்ணீர் குடித்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பாட்டிலில் பெயர் எழுதிக் கொடுங்கள். முன் எடை 52.4 கிலோ, பின் எடை 51.3 கிலோ, குடித்தது அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 1.1 கிலோ, அதோடு குடித்த 0.5 சேர்த்தால் வியர்வை ஏறக்குறைய 1.6 லிட்டர்.

அந்த 1.1 கிலோ குறைவு உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேலே. பொதுவாக இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் உடல் திறனும் கவனமும் தளரத் தொடங்கும் என்பதுதான் எச்சரிக்கைக் கோடு. ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப அந்தக் கோட்டைத் தாண்டினால், பயிற்சிக்கு நடுவே குடிக்கும் இடைவேளையைக் கூட்டுங்கள். முடிந்த பிறகு, குறைந்த எடையைப் போல ஒன்றரை மடங்கு நீரைச் சில மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், அதில் உப்பும் சேர வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம் இரண்டும் இதற்கு நல்லவை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதித் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.

இந்த அளவை ஜனவரியிலும் எடுங்கள், கத்திரி வெயிலிலும் எடுங்கள். ஒரே மேட், ஒரே பயிற்சி, ஒரே பிள்ளைகள், இரண்டு பருவம். இது ஒன்றே நல்ல ஆய்வேடு ஆகும்.

எடை பற்றிப் பேசும்போது ‘வெயிட் இறக்குவதை’ விட்டுவிட்டுப் போக முடியாது. சர்வதேச ஜூடோவில் ஆண்களுக்கு 60 கிலோவில் தொடங்கி 100க்கு மேல் வரையிலும், பெண்களுக்கு 48இல் தொடங்கி 78க்கு மேல் வரையிலும் ஏழேழு பிரிவுகள். கீழ்ப் பிரிவில் இறங்கினால் சுலபமாக ஜெயிக்கலாம் என்ற ஆசையில், போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துவது, பிளாஸ்டிக் கோட்டைப் போட்டு வெயிலில் ஓடுவது, சென்னைக்குப் போகும் ராத்திரி பஸ்ஸில் எச்சில் துப்பிக்கொண்டே உட்கார்ந்திருப்பது எல்லாம் நடக்கிறது. 1997 கடைசியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், சில வார இடைவெளியில், இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். சூடான அறை, வியர்வை வெளியேறாத உடை, தண்ணீர் இல்லாமை மூன்றும் சேர்ந்து உடல் வெப்பத்தை ஏற்றிவிட்டன. அதன் பிறகுதான் அங்கே விதிகளை மாற்றினார்கள். சூடான அறையைத் தேடிப் போக வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, ஏப்ரலில் நம் கொட்டகையே அப்படித்தான் இருக்கிறது.

சர்வதேச ஜூடோ சம்மேளனத்தின் போட்டிகளில் முதல் நாள் எடை பார்த்த பிறகு, போட்டியன்று காலையில் சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து மறுபடி எடை பார்க்கிறார்கள். பிரிவின் வரம்பைவிட ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. 60 கிலோ பிரிவுக்காரர் அன்று 63ஐத் தாண்டினால் வெளியே. ராத்திரியோடு ராத்திரியாக ஆறேழு கிலோ ஏற்றிக்கொள்வதைத் தடுக்கத்தான் இந்த விதி. மல்யுத்தத்தில் இரண்டாம் நாளும் எடை பார்ப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடியதால் இறுதிப் போட்டியை இழந்ததை நாடே பார்த்தது. என் கருத்து இதில் தெளிவானது: பதினெட்டு வயது ஆகாத பிள்ளையைப் போட்டிக்காக ஒரு கிலோகூடத் தண்ணீரில் குறைக்க வைக்கக் கூடாது. சாதாரண நாட்களில் நோட்டில் பதிந்திருக்கும் எடை எந்தப் பிரிவைக் காட்டுகிறதோ அந்தப் பிரிவிலேயே விளையாட விடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு கடுமையாகப் பயிற்சி எடுத்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இதை ஒரு தனி உடல்நலப் பிரச்சினையாக வகுத்து எச்சரித்தது. எலும்பும் பலவீனமாகும். மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். இதைக் கேட்க வகுப்பில் ஓர் அக்காவோ பெண் ஆசிரியரோ இருப்பது நல்லது.

ஆறு மீட்டர் சோதனை

போலந்தைச் சேர்ந்த ஸ்தானிஸ்வாவ் ஸ்டெர்கோவிச் 1995இல் வகுத்தது இந்தச் சிறப்பு ஜூடோ உடற்தகுதிச் சோதனை. ஏறக்குறைய ஒரே உயரமும் எடையும் உள்ள இரண்டு பேர் ஆறு மீட்டர் இடைவெளியில் நிற்பார்கள். இரண்டு மீட்டர் நீள மேட் என்றால் மூன்றை நீளவாக்கில் போட்டால் அளவு சரியாக வரும். சோதனை செய்பவர் நடுவில், இருவருக்கும் மூன்று மீட்டர் தூரத்தில் நிற்பார். விசில் அடித்ததும் ஒருவரிடம் ஓடி இப்பான் செயோய் நாகே (முதுகில் ஏற்றித் தோள் வழியாக எறியும் த்ரோ) போட வேண்டும், உடனே திரும்பி ஓடி மற்றவரைப் போட வேண்டும். முதல் சுற்று 15 வினாடி, பிறகு 10 வினாடி ஓய்வு, இரண்டாவது 30 வினாடி, மறுபடி 10 வினாடி ஓய்வு, மூன்றாவது 30 வினாடி. எத்தனை த்ரோ முழுமையாக விழுந்தது என்று எண்ண வேண்டும். முடிந்த உடனே நாடித்துடிப்பு, சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி நாடித்துடிப்பு. இரண்டு துடிப்பையும் கூட்டி, மொத்த த்ரோவால் வகுத்தால் கிடைப்பதுதான் குறியீடு. எண் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றுகளில் 5, 10, 9 என்று மொத்தம் 24 த்ரோ. முடிந்ததும் துடிப்பு 184, ஒரு நிமிடம் கழித்து 156. கூட்டினால் 340, வகுத்தால் 14.17. வயதுவந்த ஆண்களுக்காக ஃபிராங்கினியும் ஸ்டெர்கோவிச்சும் மற்றொருவரும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட அட்டவணையில், 29 த்ரோவும் அதற்கு மேலும், குறியீடு 11.73உம் அதற்குக் கீழும் இருந்தால் மிகச் சிறப்பு. அந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பிள்ளைகளை அதோடு ஒப்பிடாதீர்கள். அது வேறு ஆட்களுக்கான அளவு.

குறியீட்டை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். ஒருவர் 26 த்ரோ, துடிப்புக் கூட்டல் 338 என்றால் 13.0 வரும். இன்னொருவர் 24 த்ரோ, கூட்டல் 312 என்றாலும் அதே 13.0தான். முதல் ஆள் வேகமானவர், ஆனால் இதயம் தணிய நேரம் எடுக்கிறது. இரண்டாவது ஆளின் இதயம் சீக்கிரம் தணிகிறது, கால் வேகம்தான் போதவில்லை. இருவருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தால் வீண். அதனால் மூன்று சுற்றின் த்ரோவையும் இரண்டு துடிப்பையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். மூன்றாவது சுற்றில் மட்டும் சரிகிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

துடிப்பு எடுப்பதில்தான் அதிகத் தவறு வருகிறது. பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்கினால், எண்ணுவதில் ஒன்று பிசகினாலே ஆறு துடிப்பு மாறும். பதினைந்து வினாடி எண்ணினால் பிசகு நான்காகக் குறையும், ஆனால் அதற்குள் இதயமும் தணிய ஆரம்பித்துவிடும். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே எடுங்கள். மார்புப் பட்டை மீட்டர் வைத்திருப்பவர்கள், த்ரோ போடும்போது அது குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் விரல் ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள், வியர்த்து ஆடும் விரலில் அது நிலையாகக் காட்டாது. கழுத்தில் இரண்டு விரலை மெதுவாக வைத்து எண்ணினாலே போதும்.

விழுபவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 24 த்ரோ என்றால் ஆளுக்குப் பன்னிரண்டு விழுதல். அதே இருவரை வைத்துப் பத்துப் பேரைச் சோதித்தால் ஒரே மாலையில் ஒருவர் 120 தடவை விழுகிறார். கடைசியில் சோதிக்கப்படுபவருக்குக் கிடைக்கும் கூட்டாளி சோர்ந்துபோன ஆள், அதனால் அளவும் கெடும். இரண்டு பேரைச் சோதித்ததும் ஜோடியை மாற்றுங்கள். அவர்கள் உகேமி (அடிபடாமல் விழும் முறை) நன்றாகத் தெரிந்தவர்களாக இருக்கட்டும். ஒருவருக்கு முதல் முறை எந்த எடையில் கூட்டாளி வைத்தீர்களோ, அடுத்த முறையும் அதே எடை.

எந்தப் பயிற்சித் திட்டத்தையும் தொடங்குவதற்கு முன், ஒரே வாரத்தில் இரண்டு தடவை, ஒரே நேரத்தில், ஒரே மேட்டில் இதைச் செய்து பாருங்கள். அதற்கும் முன்னால் பழகிக்கொள்ள ஒருமுறை, அந்த எண்ணைச் சேர்க்க வேண்டாம். எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு பிள்ளை செவ்வாயன்று 24, வெள்ளியன்று 25 போட்டால், எட்டு வாரத்துக்குப் பிறகு வரும் 25ஐ முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. இந்த இரட்டை அளவு இல்லாத ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சொல்லும் முன்னேற்றம் உண்மையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

தினமும் ஒரு கேள்வி

பயிற்சி முடிந்து அரைமணி கழித்து, “இன்றைக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்” என்று கேளுங்கள். சொன்ன எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், எண் 6 என்றால் 540. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரவலாக்கிய முறை இது. வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள், திடீரென்று ஏறும் வாரத்தைத் தனியாகக் குறியுங்கள். கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் “ஈஸி மாஸ்டர்” என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாகக் கேளுங்கள், அல்லது சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

தலையில் அடி

ஜப்பானில் 1983 முதல் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்ததை நகோயா பல்கலைக்கழகத்தின் ரியோ உச்சிடா கணக்கெடுத்து வெளியே கொண்டுவந்தார். பெரும்பாலும் தலைக் காயம். அதிலும் விழப் பழகாத புதியவர்கள் ஒசோட்டோ காரியில் (எதிராளியின் காலை வெளிப்பக்கமாக வாரிப் பின்னால் சாய்க்கும் த்ரோ) பின்பக்கமாக விழும்போது ஏற்பட்டவை பல. தலை தரையில் பலமாக மோதாவிட்டாலும், சட்டென்று சுழன்று நிற்கும் வேகத்தில் மூளைக்கும் அதை மூடிய உறைக்கும் இடையிலுள்ள ரத்தக்குழாய் அறுந்து ரத்தம் கசியலாம். எனவே புதியவர்களிடம் சோதனை என்ற பெயரில் ஒசோட்டோ காரி வேண்டாம். முகவாயை நெஞ்சோடு ஒட்டி விழ வருகிறதா, கழுத்து வலுவாக இருக்கிறதா என்பதை முதல் மாதமே எழுதி வையுங்கள்.

விழுந்தபின் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு மேட் கிடையாது. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, வாந்தி திரும்ப வந்தாலோ, தூக்கக் கலக்கம் தெரிந்தாலோ 108க்கு அடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வீட்டுக்கு அனுப்பித் தூங்க வைத்துப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சிலம்பத்துக்கு என்ன செய்வது?

ஜூடோவில் போட்டிகளை வீடியோ எடுத்து வினாடி வினாடியாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நான்கு நிமிடப் போட்டியில் ஏறக்குறைய 20 முதல் 30 வினாடி மோதல், பிறகு பத்து வினாடிக்குள் நிறுத்தம் என்று மாறி மாறி வரும். இந்தத் தாளம் தெரிந்ததால்தான் 25 வினாடி முழு வேகம், 10 வினாடி நிறுத்தம் என்று பயிற்சியை அமைக்க முடிகிறது. சிலம்பத்துக்கு இப்படிப்பட்ட கணக்கு அரிது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, அந்தப் போட்டிகள் நடந்த நான்கு நகரங்களில் மதுரையும் ஒன்று. அப்படியிருந்தும் ஒரு சிலம்பச் சுற்றில் எத்தனை வினாடி மோதல், எத்தனை வினாடி நிறுத்தம் என்று கேட்டால் ஊகத்தில்தான் பதில் வருகிறது.

செல்போனை முக்காலியில் வைத்து, வட்டம் முழுதும் தெரியும்படி ஆடாமல் எடுங்கள். பிறகு உட்கார்ந்து, நடுவர் தொடங்கச் சொன்ன வினாடி, நிறுத்திய வினாடி, வீச்சு எத்தனை, தொட்டது எத்தனை, கால் பின்வாங்கியது எத்தனை என்று குறியுங்கள். அதே வீடியோவை இன்னொருவர் உங்கள் நோட்டைப் பார்க்காமல் குறிக்கட்டும். இருவர் எண்ணும் ஒத்துவரவில்லை என்றால் ‘வீச்சு’ என்று எதைச் சொல்கிறோம் என்பதை இன்னும் தெளிவாக வரையறுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இருபது முப்பது சுற்றுகள் சேர்ந்தாலே, இதுவரை இல்லாத ஒரு தகவல் உங்கள் கையில் இருக்கும்.

பயிற்சிமுறையை ஒப்பிட்டு எழுதும்போது

இரண்டு பயிற்சிமுறைகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால், ஆர்வமுள்ள பிள்ளைகளை ஒரு பக்கமும் மற்றவர்களை மறுபக்கமும் போடாதீர்கள். வயதும் எடையும் நெருங்கிய இருவர் இருவராகச் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். இரு குழுவுக்கும் பயிற்சி நேரம் சமமாக இருக்கட்டும். கடைசியில் த்ரோ எண்ணுபவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. பரீட்சை, பொங்கல், சித்திரைத் திருவிழா எதற்காக எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்பதையும் எழுதுங்கள். அவர்களை ஓசையில்லாமல் விட்டுவிட்டு மிச்சப் பேரை மட்டும் காட்டுவது பொய்க்கணக்கு. பன்னிரண்டு பேரை வைத்து ‘தமிழக ஜூடோ வீரர்கள்’ என்று தலைப்புப் போடாதீர்கள், ‘மதுரையில் ஒரு வகுப்பின் பன்னிரண்டு மாணவர்கள்’ என்றே போடுங்கள். எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை என்றாலும் அப்படியே எழுதுங்கள், அதுவும் முடிவுதான்.

நோட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு, எந்த எண் யார் என்ற பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். எடைப் பட்டியலை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் எண்களை மட்டும் ஒரு தாளில் தமிழில் எழுதி, அம்மா அப்பா முன்னிலையில் விளக்கிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த சுற்று அளவெடுப்புக்கான தேதியையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாம்.